செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளையர்களே, அனைவருக்கும் வணக்கம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான மன்றப் பணிகளை உங்கள்முன் வைக்கிறேன்.

பொங்கல் விழா ஜனவரி 18ஆம் தேதி புளோக் கீழ்த்தளத்தில் நடந்தது. ஏப்ரலில் தமிழ்மொழி மாதத்தையொட்டித் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்தினோம். தேசிய தினக் கொண்டாட்டம், தீபாவளி ஒன்றுகூடல், முதியோர் இல்ல வருகை எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின. செயற்குழு 9 முறை கூடியது. ஒரு முறைகூட எல்லாரும் வரவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்தது இளையர் பிரிவும் அணுவாயுதங்களுக்கு எதிரான அதன் முயற்சியும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல உங்கள் அனுமதி வேண்டும். "செயலாளர் தமிழ் மன்றத்தை அணுகுண்டு மன்றமாக்கிவிட்டார்" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஓர் உறுப்பினர் எழுதினார். நான் அங்கே பதில் எழுதவில்லை. பதில் சொல்ல வேண்டிய இடம் பொதுக்கூட்டம்தான் என்று இந்த நாளுக்காகக் காத்திருந்தேன்.

பிப்ரவரி 15ஆம் தேதி சனிக்கிழமை. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாள். அதன் நினைவாக ஆண்டுதோறும் ஒலிக்கும் எச்சரிக்கைச் சங்கு மாலை 6.20க்கு ஒலித்தபோது வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகள் ஏழு பேர் என்னுடன் இருந்தார்கள். சங்கு ஓய்ந்ததும் தொடக்கக் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார்: "எங்க வீட்டுப் பதுங்கறையில அரிசி மூட்டை, முறுக்கு உரல், பழைய காத்தாடி, தம்பியோட சைக்கிள் எல்லாம் இருக்கு. குண்டு விழுந்தா எதை அங்கிள் முதல்ல வெளியே எடுக்கணும்?" மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. எந்தக் குண்டைச் சொல்கிறாய் என்று கேட்டேன். அன்று ஒன்பது மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். இளையர் பிரிவின் இந்த முயற்சி அங்கேதான் தொடங்கியது. நான் திட்டம் போட்டுத் திணித்தது அல்ல.

அணுவாயுதத் தடை ஒப்பந்த நாடுகளின் மூன்றாவது கூட்டம் மார்ச் 3 முதல் 7 வரை நியூயார்க்கில் நடக்கிறது என்று அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். அங்கே காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு பதினொன்று. பள்ளி நாள்களில் பெற்றோர் விடமாட்டார்கள் என்பதால் கடைசி நாளான வெள்ளிக்கிழமை மட்டும் பார்ப்பதென முடிவானது. மன்ற அறையைப் பத்து மணிக்குப் பூட்டிவிட வேண்டும். ஆகவே என் வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்து, மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, ஐநாவின் நேரலையைப் பார்த்தார்கள். அது நோன்பு மாதம். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் விடியலுக்குமுன் உண்ணும் சஹருக்கு எழுவதற்குப் பதிலாக விழித்தே இருந்துவிட்டார். கூட்டத்துக்குத் தலைமை வகித்த நாடு கஸக்ஸ்தான். அங்கே செமிபலாட்டின்ஸ்க் என்ற இடத்தில் சோவியத் அரசு 1949 முதல் 1989 வரை 456 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது என்பதை அந்த மாணவர்தான் எனக்குச் சொன்னார். அறுபது வயதுவரை எனக்கு அது தெரியாது.

அதன்பிறகு எடுத்த வேலை, ஒப்பந்தத்தைத் தமிழில் பெயர்ப்பது. 2017 ஜூலை 7ஆம் தேதி நிறைவேறிய அந்த ஒப்பந்தத்தில் 20 விதிகள் இருக்கின்றன. அதன் அதிகாரபூர்வப் பிரதிகள் ஐநாவின் ஆறு மொழிகளில் உள்ளன. நம் நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றான தமிழில் எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. தமிழ் மன்றம் செய்ய வேண்டிய வேலை இது இல்லையென்றால் வேறு எது என்று குறை சொல்பவர்களைப் பணிவோடு கேட்கிறேன்.

ஐந்து மாதம் பிடித்தது. நாளிதழ்களில் வழக்கமாக வரும் ‘ஆயுதக் குறைப்பு’ என்ற சொல்லை நான் முதலில் எழுதினேன். தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணியில்) இருக்கும் தம்பி ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. "குறைக்கிறது வேற, இல்லாம ஆக்கறது வேற அங்கிள். ரைஃபிளைத் துடைச்சு ஆயுதக் கிடங்குல வெச்சுட்டா அது இல்லாமப் போயிடுமா?" என்றார். ‘ஆயுதக் களைவு’ என்று மாற்றினோம். ஆனால் எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்தது முதல் விதியின் தொடக்கம்தான். எந்தச் சூழ்நிலையிலும் ஒருபோதும் இந்த ஆயுதத்தை உருவாக்கமாட்டோம், வைத்திருக்கமாட்டோம், பயன்படுத்தமாட்டோம் என்று நாடுகள் உறுதி கூறும் இடம் அது. ‘எந்தச் சூழ்நிலையிலும்’ என்பதை எழுதிவிட்டு எல்லாரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். உண்மையிலேயே எந்தச் சூழ்நிலையிலுமா என்று ஒருவர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் சொன்னவர் நம் மன்றத்தின் மூத்த உறுப்பினர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 92. ஜூன் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினார். அவருடைய தந்தையை ஜப்பானியர் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். தாயார் மரவள்ளிக்கிழங்கை அவித்து நான்கு பிள்ளைகளுக்குப் பங்கிட்டார். 1945 கடைசியில் தந்தை எலும்பும் தோலுமாக வீடு திரும்பினார். "குண்டு விழுந்துச்சு, சண்டை நின்னுச்சு, எங்கப்பா வந்தாரு. இந்தப் பிள்ளைங்க அது தப்புன்னு சொல்றாங்க. நான் எப்படி ஒத்துக்கறது?" என்றார். அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. என்னிடமும் பதில் இல்லை, இன்றும் இல்லை.

மறுவாரம் இரண்டு மாணவிகள் அவர் வீட்டுக்குப் போனார்கள். வாதாடப் போகவில்லை, கேட்கப் போனார்கள். ஒரு வாரம் என்பது நான்கு வாரமானது. அவர் சொன்னதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்கள். பதிலுக்கு இவர்கள் ஹிரோஷிமாவில் அந்த 1945 முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேரும் நாகசாகியில் ஏறக்குறைய 74,000 பேரும் மாண்டதைச் சொன்னார்கள். இரண்டு வயதில் குண்டுவீச்சில் தப்பி, 1955இல் பன்னிரண்டு வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்த சடாகோ சசாகியின் கதையையும் சொன்னார்கள். ஐயா மனம் மாறிவிட்டார் என்று நான் எழுதமாட்டேன், அது உண்மையில்லை. அணுவாயுதத்துக்கு எதிரான எங்கள் கையெழுத்துப் படிவத்தில் அவர் கையெழுத்திடவில்லை. "உங்க முடிவு எனக்குப் பிடிக்கலை. ஆனா நீங்க உட்கார்ந்து கேட்டீங்க" என்றார். எங்கள் மொழிபெயர்ப்பைத் தாங்கிய கையேட்டின் பின்பகுதியில் அவர் நினைவுகளும் இடம்பெற வேண்டும் என்று இளையர்கள் முடிவெடுத்தார்கள். ஒப்பந்தத்துக்குப் பக்கத்திலேயே அது அச்சாகியிருக்கிறது.

இன்னொரு வருத்தத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். நம் அறையில் கலாம் ஐயாவின் படம் இருக்கிறது. அதன்கீழே உட்கார்ந்து அணுகுண்டுக்கு எதிராகப் பேசுவது நன்றிகெட்ட செயல் என்று ஓர் உறுப்பினர் சொல்லி, சந்தாவையும் நிறுத்திக்கொண்டார். அவர் மனநிலை எனக்குப் புரியாததல்ல. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதித்த செய்தி வந்த அன்று தேக்கா கோப்பிக் கடையில் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அதே ஆண்டு, இந்தியாவும் பாகிஸ்தானும் நடத்திய சோதனைகளால் மனம் கலங்கிய நாகசாகி மக்கள் இரண்டு உயர்நிலைப்பள்ளி மாணவர்களை நியூயார்க்கிலுள்ள ஐநாவுக்கு அமைதித் தூதர்களாக அனுப்பினார்கள். அதன்பின் அந்த ஊர்ப் பிள்ளைகள் லட்சக்கணக்கான கையெழுத்துகளைத் திரட்டி ஜெனிவாவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் கைதட்டிய செய்திக்கு அவர்கள் கொடுத்த பதில் அது. இதை வாசித்துச் சொன்ன மாணவியின் அம்மாவும் அப்பாவும்கூட 1998இல் ஒருவருக்கொருவர் அறிமுகமாகியிருக்கவில்லை. கலாம் ஐயாவின் படம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, இருக்கும்.

ஆகஸ்டு 9 நமக்குத் தேசிய தினம், நாகசாகிக்கு நினைவு நாள். 2025இல் எண்பதாம் ஆண்டு. கொடியேற்றிப் பாட்டுப் பாடும் நாளில் துக்கம் வேண்டாம் என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். ஒரு நிமிடம் மட்டும் கேட்டு வாங்கினேன். எந்த நேரத்தில் என்பதில் அடுத்த பேச்சு. நாகசாகியில் குண்டு வெடித்தது காலை 11.02. இப்போதைய நம் கணக்கில் அது 10.02. அப்போது அந்த 92 வயது ஐயாதான் சொன்னார், "அன்னிக்கு இங்கயும் பதினொண்ணு ரெண்டுதான். ஜப்பான்காரன் நம்ம கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்கு மாத்திட்டான்." 10.02க்கு எல்லாரும் நின்றோம். ஒரு கைக்குழந்தை அழுதது, வேறு சத்தமில்லை. பிறகு தேசிய கீதம், உப்புமா, தேநீர்.

சாலையோரம் பதாகை பிடித்து நிற்கலாமா என்று பிள்ளைகள் கேட்டபோது முடியாது என்று சொன்னவன் நான்தான். அனுமதியில்லாமல் கூடுவதற்கு நம் சட்டத்தில் இடமில்லை, மன்றத்தின் பதிவும் பாதிக்கப்படும். அதற்குப் பதில் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனேன். வீட்டு வாடகை, அபராதம், வேலை என்று வந்தவர்களோடு எண் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தோம். தொண்டூழியர் எந்த விவகாரம் என்று கேட்டதற்கு, அணுவாயுதம் என்று அந்தத் தொடக்கக் கல்லூரி மாணவி நிதானமாகச் சொன்னார். அணுவாயுதத் தடை ஒப்பந்தத்துக்கான 2017 வாக்கெடுப்பில் 122 நாடுகள் ஆதரவாகவும் நெதர்லாந்து மட்டும் எதிராகவும் வாக்களித்தன. சிங்கப்பூர் வாக்களிக்காமல் விலகி நின்றது. ஆசியான் நாடுகளில் அதில் இன்னும் கையெழுத்திடாதது நாம் மட்டும்தான். அதேசமயம் தென்கிழக்கு ஆசியாவை அணுவாயுதமற்ற வட்டாரமாக்கிய 1995ஆம் ஆண்டு பாங்காக் உடன்பாட்டில் நாமும் இருக்கிறோம். அணுசோதனைத் தடை ஒப்பந்தத்தையும் 2001இல் உறுதிப்படுத்தியிருக்கிறோம். ஏன் இந்த வேறுபாடு என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்பதுதான் நாங்கள் அங்கே கொடுத்த கடிதத்தின் சாரம். மரியாதையான கடிதம். அதன் நகல் கோப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

படிப்பு கெடும், வேலை கிடைக்காது என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆயுதக் களைவில் இளையர்களை ஈடுபடுத்த வேண்டும் என்று ஐநா பொதுச்சபையே 2019 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. நம் பிள்ளைகளில் இருவர் அணுசோதனைத் தடை அமைப்பின் இளையர் குழுவில் இணையம்வழி சேர்ந்திருக்கிறார்கள். அதற்குக் கட்டணம் இல்லை, தேர்வும் கெடவில்லை. ஏழு பேரில் மூவர் ஆண்டின் பாதியில் விலகினார்கள் என்பதையும் மறைக்கவில்லை. ஒருவருக்குத் தேசிய சேவை, ஒருவருக்குத் துணைப்பாட வகுப்பு, ஒருவரை வீட்டில் விடவில்லை. அந்த மூன்றாமவரின் இடம் எனக்கு இன்னும் காலியாகத்தான் தெரிகிறது.

சந்தா விவகாரம். பதிவேட்டில் 84 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சென்ற பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்கள் 19 பேர். இந்த ஆண்டு சந்தா செலுத்தியவர்கள் 31 பேர், அதில் ஏழு பேர் மாணவர்கள். பத்து வெள்ளி மாணவர் சந்தாவைப் பேநவ் மூலம் முதல் வாரத்திலேயே அனுப்பியவர்கள் அவர்கள்தான். முப்பது வெள்ளிக்கு மூன்று முறை நினைவூட்டல் அனுப்புவது செயலாளருக்கும் கஷ்டம், பெறுபவருக்கும் சங்கடம். செயற்குழுவில் இருந்துகொண்டே இரண்டு ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை இங்கே படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார், படிக்கவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாக, கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, கடன் இல்லை. கையேட்டை 200 பிரதிகள் அச்சிட்டோம். செலவில் பாதியை மட்டுமே மன்றம் ஏற்றது. மீதியை நானும் இரண்டு நண்பர்களும் கொடுத்தோம். மன்றப் பணம் முழுவதும் அணுகுண்டுக்கே போய்விட்டது என்ற பேச்சு சரியல்ல. தீபாவளி உணவுக்கு ஆனது இதைவிட அதிகம்.

அறை தந்து உதவிய சமூக மன்ற நிர்வாகத்துக்கும், கணக்காய்வாளர்களுக்கும், ஒலிபெருக்கி தந்த அன்பருக்கும், உணவு ஏற்பாட்டைக் கவனித்த மகளிர் பிரிவுக்கும் நன்றி. பள்ளி நாளில் பின்னிரவுவரை விழிக்க விடாவிட்டாலும் அந்த ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்குப் பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோருக்குத் தனியாக நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வுக் கழகம் 2025 ஜூனில் வெளியிட்ட கணக்கின்படி அந்த ஆண்டின் தொடக்கத்தில் உலகில் 12,241 அணுகுண்டுகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பகுதியை வைத்திருக்கும் அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே மிஞ்சியிருக்கும் கடைசிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் 2026 பிப்ரவரி 5ஆம் தேதி காலாவதியாகிறது. 2026 ஏப்ரல் கடைசியில் நியூயார்க்கில் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் மறுஆய்வு மாநாடு. 2015இலும் 2022இலும் அந்த மாநாடு உடன்பாடில்லாமல் கலைந்தது. இம்முறை வியட்நாம் தலைமை ஏற்கிறது, அதாவது நம் வட்டாரம். நம் மாணவி ஒருவர் அங்கே போய்ப் பார்வையாளராக உட்கார விரும்புகிறார். விமானச் சீட்டுக்கு மன்றத்தில் பணம் இல்லை. நான் உண்டியல் ஏந்தவில்லை. பாக்கியுள்ள சந்தா வந்தாலே சீட்டின் பெரும்பகுதி தேறிவிடும் என்று பொருளாளர் கணக்குப் போட்டிருக்கிறார், அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

செயலாளர் பொறுப்பில் எனக்கு இது ஆறாவது ஆண்டு. கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். துணைச் செயலாளர் இடம் இரண்டு ஆண்டாகக் காலி. அந்த இடத்துக்கு இளையர் ஒருவரின் பெயரை இன்று முன்மொழியப் போகிறேன். வயது பத்தொன்பது, சிறியவர் என்று சிலருக்குத் தோன்றலாம். கூட்டக் குறிப்பு எழுதுவதில் என்னைவிடத் தெளிவானவர், சந்தா பாக்கி இல்லாதவர்.

கையேடுகளில் 46 பிரதிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு அதே மேசையில் இருப்பார்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
ஜனவரி 2026, சிங்கப்பூர்