தலைமன்னாரோடு கணக்கு ஒப்பிடும் முன்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு,

வணக்கம். "நடுநிலை வகுப்புப் பிள்ளைக்கு இலங்கை நம்மைவிட அதிகம் செலவழிக்கிறது" என்று மனுவில் எழுதுவது சுலபம். எந்த வகுப்பு, எந்த ஆண்டு, எந்தத் தொகை என்று அதிகாரி கேட்டால் அந்த வரி நிற்காது.

இங்கே நடுநிலை என்றால் 6 முதல் 8 வரை. கடலுக்கு அந்தப் பக்கம், தலைமன்னார் இருக்கும் இலங்கையில், கனிஷ்ட இடைநிலை என்றால் தரம் 6 முதல் 9 வரை. மொத்தத் தொகையை வைத்து ஒப்பிட்டால் அவர்கள் பக்கம் ஓர் ஆண்டு கூடுதலாக ஏறிவிடும். அதனால் தலைக்கு எவ்வளவு என்றே பாருங்கள்.

அந்தத் தொகை பட்ஜெட்டில் நேராகக் கிடைக்காது. 2025-26இல் பள்ளிக்கல்வித் துறைக்கு ஒதுக்கிய 46,767 கோடி ரூபாய் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமானது. பொதுக் கல்விச் செலவை எழுதும் 2202 என்ற கணக்குத் தலைப்பில் 01 தொடக்கக் கல்வி, 02 இடைநிலைக் கல்வி. ஒன்றிய நடுநிலைப்பள்ளியின் ஏழாம் வகுப்பு 01இல் விழும். உயர்நிலைப்பள்ளியின் ஏழாம் வகுப்பு பெரும்பாலும் 02இல் விழும்.

பிரிக்கும்போதுதான் பெரிய பிசகு வருகிறது. உதாரணத்துக்கு ஒரு நடுநிலைப்பள்ளி: 1-5இல் 60 பிள்ளைகள், 6-8இல் 30 பிள்ளைகள், 1-5க்குப் பாடம் எடுக்கும் மூன்று இடைநிலை ஆசிரியர், 6-8க்கு எடுக்கும் இரண்டு பட்டதாரி ஆசிரியர். தொடக்க அடிப்படை ஊதியம் முறையே 20,600, 36,400 ரூபாய். ஆக மாதம் 1,34,600. பிள்ளைக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கை 6-8க்கு எழுதினால் தலைக்குச் சுமார் 1,496 ரூபாய். யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார் என்று பார்த்தால் 72,800ஐ 30ஆல் வகுக்க வேண்டும்: 2,427. அகவிலைப்படி சேர்க்காமலே இவ்வளவு வித்தியாசம்! 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6-8க்கு அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தலா ஓர் ஆசிரியராவது வேண்டும். இந்தப் பள்ளியில் ஒருவர் குறைவு. அவரையும் போட்டால் 3,640 ஆகும். செலவு குறைவாகத் தெரிவதற்கு ஆள் இல்லாததும் காரணம் என்பதை மனுவில் தனியே எழுதுங்கள்.

சத்துணவுச் செலவு சமூக நலத்துறைக் கணக்கில் கிடக்கிறது. தேடி எடுத்துச் சேருங்கள். காலை உணவைச் சேர்க்காதீர்கள், அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. (ஆறாம் வகுப்புக்குப் போனதும் பிள்ளைக்குப் பசி நின்றுவிடுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.)

இலங்கைக் கணக்கில் கொழும்பு அமைச்சின் தொகையை மட்டும் எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். தேசியப் பாடசாலைகள் மட்டுமே அமைச்சின் கீழ் வருகின்றன. மற்ற அரசுப் பாடசாலைகள் மாகாண சபைகளின் கையில். தலைமன்னார் இருக்கும் மன்னார் மாவட்டத்துக்கு வட மாகாணக் கணக்கும் வேண்டும்.

அவர்களுக்கு நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை, நமக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. 2021ஐ ஒப்பிட நம் 2020-21இல் கால் பங்கும் 2021-22இல் முக்கால் பங்கும் சேருங்கள். மதிப்பீடு வேண்டாம், இறுதிக் கணக்கை எடுங்கள். டாலருக்கு மாற்றவும் வேண்டாம்: 2022இல் சில வாரங்களுக்குள் ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாயிலிருந்து 360க்குப் போனது, ஆசிரியர் சம்பளமா பாதியானது? தலைக்குச் செலவைத் தனிநபர் உள்நாட்டு உற்பத்தியின் சதவீதமாகச் சொல்லுங்கள். அங்கே தனிநபர் உற்பத்தி இந்தியாவினுடையதைவிட அதிகம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

முதல் வேலையாக, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமை மனு ஒன்று போடுங்கள். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் ஒன்றியத்தில் 6-8க்கு அனுமதித்த பட்டதாரி ஆசிரியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, பாடவாரியாக. முப்பது நாளில் பதில் வர வேண்டும்.