மகத்தருகே ஒரு வழிப்போக்கன்

மூலனூர்,
22-12-2025

அன்புள்ள நாச்சிமுத்து,

இங்கு அனைவரும் நலம். தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. ஆவணியில் நீ எழுதிய கடிதத்துக்கு மார்கழியில் பதில் எழுதுகிறேன். முருங்கைக் காய்ப்பையும் ஆத்தாவின் கண் அறுவையையும் காரணமாகச் சொல்லலாம்; ஆனால் உன்னிடம் காரணம் சொல்லிக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை. மன்னித்துவிடு.

இன்று எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. சனிக்கிழமை விடியற்காலையில் நான் அதைப் பார்த்துவிட்டேன். நீ கார்த்திகையில் ஒரு காணொளியை அனுப்பி, "இது வேற்றுலகத்தார் விண்கலமாமே, உண்மையா?" என்று கேட்டாயே, வேறொரு சூரியனிடமிருந்து வந்த அந்த அட்லஸ் வால்மீனைத்தான் சொல்கிறேன். அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும். என் கண்ணால் பார்க்காமல் உன்னிடம் பேசக் கூடாது என்று ஒரு பிடிவாதம்.

அமாவாசை கழிந்த இரவு அது. நிலவு இல்லை, பனி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் தெற்கே மினுக்கிக்கொண்டிருந்தாலும் தலைக்கு மேலே வானம் நன்றாகக் கறுத்திருந்தது. நான்கு மணிக்குச் சிம்ம ராசி உச்சிக்கு வந்துவிடும். அதிலுள்ள மகம் விண்மீனைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து படத்தில் குறித்து வைத்திருந்தபடி ஒவ்வொரு விண்மீனாக நகர்ந்துபோனேன். முதல் அரைமணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு, நேராகப் பார்க்காமல் கடைக்கண்ணால் பார்த்தபோது, திருநீறு தொட்ட விரலைக் கறுப்புத் துணியில் லேசாக ஒற்றியது போல ஒரு மங்கல் தெரிந்தது. பக்கத்தில் மூன்று சிறு விண்மீன்கள் முக்கோணமாக நின்றிருந்தன. அவற்றைத் தாளில் புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டேன். ஐந்தேகாலுக்கு மறுபடியும் பார்த்தபோது முக்கோணம் அப்படியே இருக்க, அந்த மங்கல் மட்டும் இடம் மாறியிருந்தது. எனக்குக் கை நடுங்கியது, நாச்சிமுத்து. கண்ணாடி தேய்க்கும் கார்போரண்டம் தூளை இரண்டு ஆண்டுகள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நான் செய்த அந்தப் பத்து அங்குலத் தொலைநோக்கி ஆடியில், வேறொரு சூரியனிடம் பிறந்த பொருளின் மேல் பட்டு வந்த வெளிச்சம் விழுந்திருக்கிறது. அதற்கு முந்தைய நாள்தான் அது பூமிக்கு மிக அருகில் வந்திருந்தது. அருகில் என்றாலும் 27 கோடி கிலோமீட்டர் தொலைவு.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இந்த வால்மீனைக் கடந்த ஜூலை 1 அன்று சிலி நாட்டில் ரியோ உர்ட்டாடோ என்ற இடத்தில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்தது. பூமியில் மோதக்கூடிய விண்கற்களை முன்கூட்டியே கண்டு எச்சரிப்பதற்கான தொலைநோக்கிகளில் அது ஒன்று. அட்லஸ் என்று படித்தவுடன் எனக்கு உன் அட்லஸ் சைக்கிளும், அந்தப் பள்ளமும், நீ விழுந்ததும், கருப்பணன் அண்ணன் ஓடி வந்ததும் நினைவுக்கு வந்தன. விளையாட்டாகச் சொல்லவில்லை, இந்தப் பொருள் வெளியிலிருந்து வந்தது என்பதற்கான சான்று அந்தப் பள்ளத்திலேயே இருக்கிறது.

மேட்டில் காலை ஊன்றி நின்று, மிதிக்காமல் சைக்கிளைச் சரிவில் விட்டால், அடிவாரத்தில் அது எவ்வளவு வேகமெடுத்தாலும் எதிர் மேட்டில் புறப்பட்ட உயரத்துக்கு மேல் ஏறாது. வேகத்தோடு வந்து பள்ளத்தில் இறங்குகிறவனோ, எதிர் மேட்டைத் தாண்டியும் கொண்டுவந்த வேகத்தோடே போய்க்கொண்டிருப்பான். சூரியனின் ஈர்ப்பு அப்படி ஒரு பள்ளம். நம் வால்மீன்கள் எல்லாம் அதன் விளிம்பில் நின்று உருண்டு இறங்குகிறவை. ஆகவே அவை எவ்வளவு தொலைவு போனாலும் அந்தப் பள்ளத்தைச் சேர்ந்தவை. கல்லூரி மொட்டைமாடியில் 1986-இல் நாம் பார்த்த ஹாலி 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துபோகிறது. இந்த அட்லஸோ, சூரியனின் இழுப்பு ஏறக்குறைய இல்லாத தொலைவிலேயே நொடிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தோடு வந்துகொண்டிருந்தது. கோவையில் கிளம்பினால் ஒரு நொடியில் திருப்பூரைத் தொட்டுவிடும் வேகம் அது. கணக்கில் என்னைவிட நீ கெட்டிக்காரன் என்பதால் இதையும் எழுதுகிறேன்: பாதை எவ்வளவு விரிந்தது என்று காட்டும் எண்ணான மையத்தொலைத்தகவு 1-க்குக் கீழே இருந்தால் பாதை மூடிய நீள்வட்டம், 1-ஐத் தாண்டினால் திறந்த அதிபரவளைவு. வியாழன் போன்ற ஒரு கோள் பிடித்துத் தள்ளினால் நம் வால்மீன்கள்கூட 1-ஐ மயிரிழை தாண்டிவிடும். இதற்கோ அது 6-க்கும் மேல். எந்தக் கோளும் அப்படித் தள்ள முடியாது.

இதற்கு முன்னால் இப்படி வெளியிலிருந்து வந்த இரண்டைத்தான் மனிதர் பார்த்திருக்கிறார்கள். முதலாவது 2017 அக்டோபர் 19 அன்று ஹவாய்த் தீவுகளில் உள்ள தொலைநோக்கி கண்ட ஓமுவாமுவா. அபிஜித் விண்மீன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. அதற்கு வாலும் இல்லை, தலையைச் சுற்றிப் புகையும் இல்லை. உருண்டு புரண்டதில் அதன் வெளிச்சம் பத்து மடங்கு வரை ஏறி இறங்கியது. போகும்போது ஈர்ப்புக் கணக்குக்கு மேலாக ஒரு சிறு தள்ளல் வேறு தெரிந்தது. வேற்றுலகத்தார் செய்த பொருளாக இருக்கலாமோ என்று ஹார்வர்டு பேராசிரியர் அவி லோப் கேட்டது அதனால்தான். கேட்டதில் எனக்குக் குறை தோன்றவில்லை. பனிக்கட்டிக்குள் சிறைப்பட்டிருந்த ஹைட்ரஜன் கசிந்திருந்தாலே அந்தத் தள்ளல் வந்துவிடும் என்று 2023-இல் வேறு இருவர் விளக்கினார்கள். எனக்கு அதுவே பொருந்துகிறது.

இரண்டாவதைக் கண்டுபிடித்த கதையை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிறைகிறது. 2019 ஆகஸ்ட் 30 அன்று கிரிமியாவில் கெனாடி போரிசோவ் என்பவர், தாமே செய்த 65 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் விடியுமுன் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தபோது, பட்டியலில் இல்லாத ஒரு மங்கலைக் கண்டார். அதுவே போரிசோவ் வால்மீன் ஆயிற்று. பெரிய ஆய்வகங்கள் அத்தனையும் விழித்திருக்க, ஒரு தனி மனிதனின் கையில் அது அகப்பட்டது.

இப்போது உன் காணொளியைப் பற்றிச் சொல்ல வேண்டும், கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் மூன்று குற்றச்சாட்டுகள் சொன்னார்கள். இரும்பு இல்லாமல் நிக்கல் ஆவி வருகிறது, ஆகவே உலோகக் கலம் என்றார்கள். போரிசோவிலும் நிக்கல் ஆவி இருந்தது. நம் சொந்த வால்மீன்களிலும் சூரியனுக்கு வெகுதொலைவிலேயே நிக்கலைக் கண்டிருக்கிறார்கள். வானொலிச் சமிக்ஞை வந்தது என்றார்கள். தென்னாப்பிரிக்காவின் மீர்கேட் வானொலித் தொலைநோக்கி அக்டோபரில் கண்டது, தண்ணீர் மூலக்கூறு வெயிலில் உடையும்போது உண்டாகும் ஹைட்ராக்சிலின் தடயம். வால்மீன் தண்ணீர் விடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது. செவ்வாயைச் சுற்றும் கலம் அக்டோபர் தொடக்கத்தில் எடுத்த படத்தை நாசா ஒளித்து வைத்தது என்றார்கள். அப்போது அமெரிக்க அரசே ஒரு மாதத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது. அலுவலகம் திறந்ததும் நவம்பர் 19 அன்று வெளியிட்டுவிட்டார்கள்.

பொய் சொல்கிறார்களே என்பதைவிட, உள்ளதை மறைத்துவிடுகிறார்களே என்பதுதான் என்னை வருத்துகிறது. உள்ளது எவ்வளவு பெரியது என்று பார். நம் சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டுகள். இந்த வால்மீன் வந்த வேகத்தையும் திசையையும் வைத்துக் கணக்கிட்ட ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், இது 700 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டதாக இருக்கக்கூடும் என்கிறார்கள். அப்படியானால், நம் சூரியனும் பூமியும் அமராவதி ஆறும் உண்டாவதற்கு வெகு காலம் முன்பே, எங்கோ ஒரு சூரியன் தன் கோள்களைச் சமைத்துக்கொண்டிருந்தபோது மிச்சமாகி, வெளியே வீசப்பட்டுப் போன பனிக்கட்டி இது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி ஆகஸ்டில் பார்த்தபோது, இதிலிருந்து வெளியேறிய கரியமில வாயு நீராவியைப்போல எட்டு மடங்கு இருந்தது. நம் வால்மீன்களில் அப்படிக் காண்பது மிக அரிது. பிறந்த இடத்தின் குளிரோ, வழியில் பட்ட கதிர்வீச்சோ, ஏதோ ஒன்று அந்த அளவில் எழுதப்பட்டிருக்கிறது. உருவம் சிறியதுதான், ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கணக்குப்படி கரு 440 மீட்டருக்குக் குறையாது, 5.6 கிலோமீட்டருக்கு மிகாது. நம் சிவன்மலை அளவு ஒரு கட்டி, இன்னொரு உலகத்தின் மண்ணையும் பனியையும் சுமந்துகொண்டு நம் வாசல் வழியாகப் போகிறது. இதற்கு மேல் விண்கலம் எதற்கு, நாச்சிமுத்து?

அன்று வாசல் தெளிக்க எழுந்த ஆத்தா என்னைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். அறுவை செய்த கண்ணால் வில்லையில் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணுந் தெரியலை சாமி" என்றார். மேற்கே சாய்ந்திருந்த வியாழனையும் அதன் நிலவுகளையும் காட்டியபோது மகிழ்ந்து போனார். ஆனாலும் தெரியாததைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "அது எந்தூர்ல இருந்து வருது? ஒறம்பரையா?" ஹாலியைச் சொன்னால் ஒறம்பரைதான், உறவுக்காரன் போலப் பேரன் காலத்திலாவது திரும்பி வரும். இதற்கு என்ன சொல்வது? "மறுக்கா வராதுங்காத்தா, வழிப்போக்கன்" என்றேன். "தண்ணி வெந்நி கூடக் குடிக்காமப் போகுதா" என்று சொல்லிவிட்டு அவர் கோலப்பொடியை எடுக்கப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவை என்றும் வந்துபோய்க்கொண்டுதான் இருந்திருக்கும். பார்க்கும் கண் நமக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது. சிலியில் வேரா ரூபின் ஆய்வகம் 8.4 மீட்டர் ஆடியோடு இந்த ஆண்டுதான் தன் முதல் படங்களை வெளியிட்டது. ஐரோப்பியர்கள் ஒரு கலத்தை முன்னதாகவே விண்ணில் நிறுத்தி, தகுந்த வால்மீன் வரும்வரை காத்திருக்கச் செய்யத் திட்டமிட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு வழிப்போக்கனை அது நேரில் சந்திக்க நேர்ந்தால், அந்தச் செய்தியை நாம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

தை அமாவாசை ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. சனிக்கிழமை மாலையே வந்துவிடு. அதற்குள் வால்மீன் கடக ராசிக்குப் போய் இன்னும் மங்கியிருக்கும். என் ஆடிக்கு எட்டாமலும் போகலாம். எட்டாவிட்டால் வியாழனைப் பார்ப்போம். மார்ச் 16 அன்று வால்மீன் வியாழனுக்குச் சுமார் 5.4 கோடி கிலோமீட்டர் தொலைவில் கடந்துவிட்டு வெளியே போகிறது. உன்னிடம் தங்கிவிட்ட தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் என் 32 மில்லிமீட்டர் வில்லையை மறக்காமல் கொண்டு வா. கம்பளியும் எடுத்துக்கொள், இங்கே பனி கடுமை.

அன்புடன்,
சென்னியப்பன்