டிக்கெட்டில் வண்டியின் பெயர் இருக்காது

சூரமங்கலம், சேலம்.

அன்புள்ள கண்ணு,

ஜெர்மனியில் மியூனிக்கில் தங்கிக்கொண்டு தினம் ஓர் ஊர் போய்வரும் உன் திட்டத்தைப் பார்த்தேன். ஐ.சி.இ. என்ற அதிவேக வண்டிக்கு முன்பதிவு தேட வேண்டாம். ஃப்யூசன், கார்மிஷ், டேகர்ன்ஸே ஏரி, சால்ஸ்பர்க் நான்குக்கும் உள்ளூர் ரயிலே போதும். அதில் ரிசர்வேஷனும் கிடையாது, சார்ட்டும் கிடையாது.

சிக்கலும் அதில்தான். நம் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால் வண்டி எண், பெட்டி, சீட் எல்லாம் அச்சாகியிருக்கும். அங்கே உள்ளூர் டிக்கெட்டில் அது ஒன்றும் இருக்காது. டிக்கெட் எந்த வண்டிக்குச் செல்லும், எத்தனை மணியிலிருந்து செல்லும், வண்டியின் எந்தப் பாதி உன் ஊருக்குப் போகும், இந்த மூன்றையும் நீயே பார்த்து ஏற வேண்டும். கேட் இல்லை, தடுக்க ஆளும் இல்லை. டி.டி.ஆர். வந்து நிற்கும்போதுதான் தப்பு தெரியும். அபராதம் ஆளுக்குக் குறைந்தது 60 யூரோ. ஊருக்குப் புதுசு என்று சொன்னால் சிரித்துக்கொண்டே ரசீது எழுதுவார்கள்.

நீ வாங்க வேண்டியது பையர்ன் டிக்கெட். பவேரியா மாநிலம் முழுக்க ஒரு நாள் செல்லும், மியூனிக் மெட்ரோ, டிராம், பஸ்ஸிலும் செல்லும். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். இரண்டாவது ஆளிலிருந்து கட்டணம் குறைவு. பாப்பாவுக்கு ஆறு வயது ஆகாததால் டிக்கெட் வேண்டாம். ஸ்டேஷன் மெஷினில் எடுத்தால் தாளில் பெயர் எழுத இடம் விட்டிருக்கும். ஏறுவதற்கு முன்பே உன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் பேனாவால் எழுதிவிடு. பெயர் எழுதாத டிக்கெட் செல்லாது. கூடவே பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை அது காலை 9 மணிக்குத்தான் உயிர்பெறும், மறுநாள் விடியற்காலை 3 மணிவரை ஓடும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை என்றால் நள்ளிரவு 12 மணியிலிருந்தே செல்லும். 8.50 வண்டியில் ஏறி "பத்து நிமிஷம்தானே" என்று நினைக்காதே. அப்படி ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், 9 மணிக்குப் பிறகு வண்டி நிற்கும் முதல் ஸ்டேஷன்வரை தனி டிக்கெட் எடுத்துக்கொள்.

ஃப்யூசன் நாளுக்கு இந்த 9 மணிக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு நேரம் பதிவு செய்ய வேண்டும். ரயில் ஏறக்குறைய 2 மணி நேரம். சில வண்டிகளில் புஹ்லோவிலோ காஃப்பாய்ரனிலோ மாற வேண்டும். இறங்கியதும் 73 அல்லது 78 எண் பஸ், அதற்கும் இதே டிக்கெட். பிறகு மேட்டில் 40 நிமிட நடை, பாப்பாவோடு என்றால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள். வார நாளில் போனால் 1.30-க்கு முன் கோட்டைக்கு நேரம் வாங்காதே. குறித்த நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள்.

63 யூரோவுக்கு நாடு முழுக்கச் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் பற்றிக் கேட்டிருந்தாய். 2023-ல் 49 யூரோவாகத் தொடங்கி, 2025-ல் 58 ஆகி, 2026 ஜனவரியில் 63 ஆனது. மலிவுதான். ஆனால் அது காலண்டர் மாதத்துக்கு உரிய சந்தா. நீ 29-ம் தேதி இறங்கி 2-ம் தேதி கிளம்புகிறாய்; இரண்டு மாதக் காசு போகும். ஒரு மாதத்தின் 10-ம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பிடித்துக்கொள்வார்கள். உனக்கு வேண்டாம்.

எந்த வண்டியில் ஏறலாம் என்பதற்கு வருகிறேன். பலகையில் ஆர்.இ., ஆர்.பி., எஸ், பி.ஆர்.பி. என்று தொடங்கும் உள்ளூர் வண்டிகளில் உன் டிக்கெட் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி., இ.சி. என்ற தொலைதூர வண்டிகளில் செல்லாது. சால்ஸ்பர்க் நாளில்தான் ஏமாறுவார்கள்: அதே ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு ரெயில்ஜெட் என்ற தொலைதூர விரைவு வண்டியும் நிற்கும். அதில் கால் வைக்காதே. பி.ஆர்.பி. இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்துவிடும். ஆஸ்திரியாவில் இருந்தாலும் சால்ஸ்பர்க் ஸ்டேஷன்வரை உன் டிக்கெட் செல்லும். ஊருக்குள் பஸ்ஸுக்குத் தனி. ஃபோன் செயலியில் "உள்ளூர் வண்டி மட்டும்" என்ற விருப்பத்தைப் போட்டுவிட்டால் ஆகாத வண்டி கண்ணிலேயே படாது. திரும்பும்போது எல்லை ஊரான ஃப்ரைலாஸிங் பக்கம் போலீஸ் ஏறிப் பார்ப்பதுண்டு. பாஸ்போர்ட்டை ஓட்டல் அறையில் விட்டுவிட்டுப் போகாதே.

வண்டியின் பாதி என்றேனே, அதற்கு டேகர்ன்ஸே நாள். மியூனிக்கில் மூன்று வண்டியை ஒன்றாகக் கோத்து விடுவார்கள். ஹோல்ஸ்கிர்ஹனில் ஒரு துண்டு கழன்று பைரிஷ்ட்ஸெல் போகும். ஷாஃப்ட்லாஹில் மற்ற இரண்டும் பிரிந்து ஒன்று லெங்ரீஸுக்கும் ஒன்று டேகர்ன்ஸேவுக்கும் போகும். பிரிக்க ஷண்டிங் எஞ்சின் வராது. தானாகக் கழலும் கப்ளிங், இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளே நடந்து போகவும் வழி இருக்காது. ஆகவே கதவருகே வெளியே எரியும் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு ஏறு. ப்ளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று பகுதி பிரித்திருப்பதும் இதற்காகத்தான். தப்பாக ஏறிவிட்டால் பிரியும் ஸ்டேஷனில் இறங்கி, ப்ளாட்பாரம் வழியாகவே சரியான துண்டுக்கு ஓட வேண்டும். மாப்பிள்ளை பெட்டியோடு ஒரு பக்கம், நீ பாப்பாவோடு ஒரு பக்கம் என்று ஏறவே ஏறாதீர்கள்.

கார்மிஷ் வண்டி ஸுக்ஷ்பிட்ஸ மலை உச்சிக்குப் போகாது. நம் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்கு ஏறுகிறதா என்ன? 2,962 மீட்டர் உச்சிக்குப் பல்சக்கர ரயில் தனி, டிக்கெட்டும் தனி. அதன் ஸ்டேஷன் கார்மிஷ் ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது.

மியூனிக் ஸ்டேஷனில் நடை அதிகம். 5 முதல் 10 வரையும், 27 முதல் 36 வரையும் உள்ள ப்ளாட்பாரங்கள் பக்கச் சிறகுகளில் இருக்கின்றன, நடு மண்டபத்திலிருந்து தள்ளி. பத்து நிமிடம் கையில் வை. சுவரில் மஞ்சள் தாள் புறப்பாடு. குறுக்காக இரண்டு சுத்தியல் போட்டிருந்தால் அந்த வண்டி வேலை நாளில் மட்டும். ஆனால் கடைசிப் பேச்சு மின்பலகைதான். ப்ளாட்பாரத்தை "க்ளைஸ்" என்பார்கள், அந்தச் சொல்லோடு அறிவிப்பு வந்தால் தலை நிமிர்ந்து பார்.

தாமதம் அங்கேயும் உண்டு. செயலி 5 நிமிட இடைவெளியில் வண்டி மாறச் சொன்னால் நம்பாதே, முந்தைய வண்டியைப் பிடி. வண்டியைத் தவறவிட்டாலும் இந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஐ.சி.இ.யில் ஏற முடியாது; மலிவுக்கு அதுதான் விலை. பாதை வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், ஸ்டேஷன் வாசலில் "எஸ்.இ.வி." என்ற பலகையைத் தேடு.

கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும். 1 என்று எழுதிய இடத்தில் உட்காராதே, அது முதல் வகுப்பு. சைக்கிள் படம் போட்ட கதவருகே மடக்கு சீட் இருக்கும், பாப்பாவின் தள்ளுவண்டிக்கு இடம் அங்கேதான். மியூனிக் எஸ்-பான் என்ற புறநகர் வண்டிகளில் கழிப்பறை கிடையாது, பாப்பாவை முன்பே கூட்டிப் போய்வா. தண்ணீர் பாட்டிலில் "ஸ்டில்" என்று பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் சோடாதான்.

தள்ளுவண்டி மடியுமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது. கோட்டைக்குள் அதை விடமாட்டார்கள்.

அன்புடன்,
அம்மா