கோடை விடுமுறையில் வீட்டுக்கு வரும் காய்கறிச் செடிகள்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். மாசிக் கடைசியில் நம் பள்ளித் தோட்டத்தில் மாணவர்கள் பைகளில் விதைத்த வெண்டை இப்போது காய்க்கத் தொடங்கியுள்ளது. நாற்றுவிட்டு நட்ட கத்தரி சில வாரங்களில் காய்ப்புக்கு வரும். விடுமுறையில் இவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்பதால், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள மாணவர்களிடம் ஆளுக்கொரு பையாகக் கொடுத்தனுப்ப முடிவு செய்துள்ளோம். பை கனமானது, ஆகவே கடைசித் தேர்வு நாளன்று மாலை, வெயில் தாழ்ந்த பிறகு, பெற்றோரில் ஒருவர் வந்து உடன் எடுத்துச் செல்லக் கேட்டுக்கொள்கிறேன். இடம் மாறிய செடி இரண்டொரு நாள் வாடித் தெரியும். அதுவரை அரைநிழலில் வைத்திருந்து, பிறகு வெயிலுக்கு மாற்றினால் போதும்.

தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெயில் ஏறுமுன் ஒருமுறையும், மண் காய்ந்திருந்தால் மாலையில் மறுமுறையும் ஊற்றலாம். அரிசி களைந்த நீரும் ஆகும், சோப்பு கலந்த நீர் ஆகாது. மண்ணின் மேல் காய்ந்த சருகையோ தேங்காய் நாரையோ இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி வைத்தால், மே மாதக் கத்திரி வெயிலிலும் ஈரம் எளிதில் வற்றாது. பைக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் அதில் தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டிவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு அத்தகைய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது.

இக்கடிதத்தை நான் எழுதுவதற்கு முதன்மையான காரணம் காய் பறிப்பதுதான். செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காத வீடுகளில்கூட, காய் இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும் என்று விட்டுவைக்கும் வழக்கம் உண்டு. வெண்டையில் பூ மலர்ந்த ஐந்தாறு நாட்களில் காய் பறிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். அதன்பின் நார் பிடித்து, சமைக்க உதவாமல் போகும். அதைவிடப் பெரிய இழப்பு, முற்றிய காய் செடியிலேயே நிற்கும்போது, செடி தன் வலுவையெல்லாம் அதன் விதைகளுக்குச் செலுத்திப் புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்வது. எனவே ஒருநாள் விட்டு ஒருநாள், காலை வேளையில், ஒரு காய் மட்டுமே இருந்தாலும் பறித்துவிட வேண்டும். ஒரு பைச் செடியில் ஒரு வேளைப் பொரியலுக்குக் காய் சேராது என்பது உண்மைதான். கடையில் வாங்கிய காயுடன் சேர்த்துச் சாம்பாரில் போடுங்கள், எது தன் காய் என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும். வெண்டைச் செடியின் சுனை கையில் அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை அணிந்துகொள்வதும், காம்பை முறுக்கி இழுக்காமல் கத்தரிக்கோலால் நறுக்குவதும் நல்லது. கத்தரியில் தோல் பளபளப்பாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். பளபளப்பு மங்கினால் விதை முற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பறிப்பதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். அவசரத்துக்கு நீங்கள் பறித்துவிடுவது எளிது. ஆனால் விதைத்தவர் அவர்கள்.

பூச்சிகளுக்கு ரசாயன மருந்து எதையும் வாங்கித் தெளிக்க வேண்டாம் என்பதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். மாவுப்பூச்சி கண்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்கலாம். கத்தரியின் குருத்து துவண்டு தொங்கினால் உள்ளே புழு இருக்கும். அந்தக் குருத்தைக் கிள்ளி அழித்துவிட வேண்டும். வெண்டை இலையில் நரம்புகள் மட்டும் வலைபோல் மஞ்சளாகத் தெரிந்தால், அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய்; அதற்கு மருந்தில்லை, செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே வழி. அப்படி நேர்ந்தால் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். இதற்கு மதிப்பெண் எதுவும் இல்லை என்பதையும் இங்கே தெரிவித்துவிடுகிறேன்.

இறுதியாக, விதை பற்றி ஒரு வேண்டுகோள். நாம் விதைத்தவை நாட்டு விதைகள். அவற்றை எடுத்து வைத்து மீண்டும் விதைக்கலாம். மே முதல் வாரத்தில், நோயில்லாத வெண்டைச் செடியில் நன்கு திரண்ட ஒரு காயை மட்டும் நூல் கட்டி அடையாளமிட்டு, பறிக்காமல் விட்டுவையுங்கள். அது பழுப்பேறிக் காய்ந்து, வரிகளில் வெடிக்கத் தொடங்கும்போது நறுக்கி, நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் உறையில் அல்லாமல் காகிதத்தில் பொதிந்து, மாணவரின் பெயரையும் வகுப்பையும் எழுதி, பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். ஆடிப்பட்டத்தில் அவற்றையே விதைப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்