எதிராளியைக் கணக்கில் கொள்ளும் இயந்திரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுதுவோர் பலரும் அது எவ்வளவு தரவைக் கற்றது என்பதையே பேசுகின்றனர். தன்னை வீழ்த்த முயலும் ஒருவர் எதிரே இருக்கும்போது அது எப்படி முடிவெடுக்கிறது என்பது ஏனோ கவனம் பெறுவதில்லை. ஒருவரின் ஆதாயம் மற்றவரின் இழப்பாகும் இருவர் ஆட்டத்தில், எதிராளி எவ்வளவு திறமையாக ஆடினாலும் நம் இழப்பை ஓர் எல்லைக்குள் நிறுத்தும் உத்தி உண்டு என்று 1928-இல் கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் நிறுவினார். சதுரங்க நிரல்கள் நெடுங்காலம் இக்கருத்தைத் தழுவியே எழுதப்பட்டன. போக்கர் வேறு வகை: எதிராளியின் சீட்டுகள் தெரியாத அந்த ஆட்டத்தில் எப்போதும் ஒரே விதமாக ஆடுபவரின் போக்கு எளிதில் பிடிபட்டுவிடும் என்பதால், 2017-இல் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நால்வரை வென்ற லிப்ராட்டஸ் என்னும் நிரல், தன் முடிவுகளில் தற்செயலைத் திட்டமிட்டே கலந்தது. (இதை இயந்திரத்தின் வஞ்சகம் என்பது மிகை, அது வெறும் கணக்கு.)

எனினும், தன்னோடு தானே ஆடித் தேர்ந்து மனிதர்களை விஞ்சிய கட்டாகோ என்னும், கோ என்ற பலகை ஆட்டத்துக்கான நிரலை, அதன் பலவீனத்தைத் தேடவென்றே பயிற்றப்பட்ட மற்றொரு நிரல் காட்டிய வழியில், தொழில்முறை சாராத ஒருவர் 15 ஆட்டங்களில் 14-இல் தோற்கடித்ததாக 2023-இல் செய்தி வந்தது. மோசடி செய்பவரும் அப்படிப் பலவீனத்தைத் தேடும் எதிராளியே. ஆகவே, மோசடியைக் கண்டறியும் மென்பொருள்களின் துல்லியத்தை வெளியிடும்போது, அவற்றை வேண்டுமென்றே தாக்கிப் பார்த்த சோதனைகளின் முடிவுகளையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டுப் பெற்று எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்