ரோஸ் ரிப்பன் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வீட்டில் உட்கார்ந்து பார்க்க என்று போன ஞாயிறு நீங்கள் போட்ட படப் பட்டியலில், டிஸ்னியின் மோவானா கார்ட்டூன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ரோஸ் ரிப்பன். கீழே ஒரு வரி: "பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற இளவரசி படம், பையன்களுக்கு அலுப்புத் தட்டலாம்." எழுதியவர் படத்தைப் பார்த்தாரா என்று கேட்க மாட்டேன், மரியாதையாக இருக்காது. ஆனால் 2016-இல் வந்த அந்தப் படத்தில் கதாநாயகி மோவானாவே சொல்கிறாள், நான் இளவரசி இல்லை, தலைவரின் மகள் என்று. பாவாடையும் கூடவே ஒரு பிராணியும் இருந்தால் இளவரசிதான் என்று, அவளோடு கடலில் போகும் பாதி தேவன் மாவி அவளைச் சீண்டுவான். அவன் கிண்டலுக்குச் சொன்னதை நீங்கள் விமர்சனமாகவே அச்சடித்துவிட்டீர்கள்.

மோவானாவின் தீவில் ஒருத்தரும் அவளிடம் "நீ பொம்பளப் பிள்ளை" என்று சொல்வதில்லை, கவனித்தீர்களா? அடுத்த தலைவி அவள்தான் என்பது ஊருக்கே தெரியும். அப்பா கடலுக்கு விடமாட்டேன் என்று நிற்பது, வாலிபத்தில் தன் நண்பனைக் கடலில் பறிகொடுத்த பயத்தில். கடைசியில் கல்யாணமும் கிடையாது. தீவுக்கே தோன்றாத பேச்சை உங்கள் எழுத்தாளர் எங்கிருந்து கொண்டுவந்தார்?

நான் இங்கே சிங்கப்பூரில் 11 வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறேன். ஒரு நாள் சிராங்கூன் ரோட்டில் ஏறிய பெரியவர், அட்டையைத் தட்டப் போன கையை அப்படியே நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டு, "அடுத்த பஸ்ல வரேன்மா" என்று இறங்கிப் போனார். பின்னால் வந்த பஸ்ஸை ஓட்டியது எங்கள் பணிமனையின் இன்னொரு அக்கா!

அவர் வயதானவர், போகட்டும். மூன்று வருஷத்துக்கு முன் உங்கள் நிருபர் என்னைப் பேட்டி எடுத்தாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை. 12 மீட்டர் இரட்டை மாடி பஸ்ஸை வளைவில் திருப்பும்போது பின்சக்கரம் நடைபாதையில் ஏறாமலிருக்க எவ்வளவு தூரம் முன்னே போய் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினேன், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பத்திரிகையில் வந்தது என்னவோ, விடியுமுன்னே குடும்பத்துக்குச் சமைத்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன் என்பது. எங்கள் வீட்டில் சமைப்பது என் வீட்டுக்காரர். அதையும் சொல்லியிருந்தேன். வருஷா வருஷம் அன்னையர் தினத்துக்குச் சமையல் போட்டி, தந்தையர் தினத்துக்குக் கார் விளம்பரம். சரி, விடுங்கள்.

ரிப்பனுக்கு வருகிறேன். என் பேரனுக்கு 6 வயது. மாப் கட்டையைத் துடுப்பாகப் பிடித்து சோபாமேல் நின்று, ஒரு கையை நீட்டி விரலை மடக்கி, மோவானா நட்சத்திரத்தை அளக்கிற மாதிரி இவன் மின்விசிறியை அளப்பான். அந்த ஞாயிறு பத்திரிகையை எட்டிப் பார்த்தவன் ரிப்பன்மேல் விரலை வைத்து, "பாட்டி, இது கேர்ள்ஸுக்கா?" என்றான். அன்று மாப் கட்டை மூலையிலேயே இருந்தது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பட்டியலில் ரிப்பனையும், பையன்கள் படத்துக்குப் போடுகிற பந்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் படம் எவ்வளவு நேரம் என்று போடுங்கள். மோவானா 107 நிமிடம். காலை நாலு மணிக்கு எழ வேண்டியவளுக்கு அதுதான் உதவும்.

பெயர் வேண்டாம்,
பேருந்து ஓட்டுநர், ஈசூன்