பட்டாளத்துக்குப் போன மகனுக்கு

விண்டர் குவார்ட்டர்ஸ், மிசூரி ஆற்றங்கரை
1848 பிப்ரவரி

அன்பு மகனே,

நாங்கள் நலம். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. சின்னவனைப் பற்றி உனக்குச் சேதி வந்திருக்கும், அதை மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. கருப்பி மாட்டை மக்காச்சோளத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

டிசம்பரில் நம் மார்மன் சபைப் பட்டாளத்துப் பையன்கள் சிலர் எலும்பும் தோலுமாக இங்கே வந்து சேர்ந்தார்கள். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். உன் கூடாரத்தில் இருந்த அந்த நெட்டைப் பையன்தான் விவரம் சொன்னான். செப்டம்பரில் சியரா மலையில் நம் சபைச் சகோதரர் பிரானன் எதிரே வந்தாராம், மறுநாள் கேப்டன் பிரவுன். நம் மக்கள் குடியேறியிருக்கும் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் தானியம் போதாது, கையில் ஒன்றும் இல்லாதவர்கள் கலிஃபோர்னியாவிலேயே வேலை பார்த்துவிட்டு வசந்தத்தில் வரட்டும் என்று சபையின் பன்னிரு அப்போஸ்தலர்கள் எழுதியிருந்தார்களாம். நீயும் சட்டர் கோட்டைக்குத் திரும்பிவிட்டாய் என்றான். சரி, பெரியவர்கள் சொன்னபடி நடந்தாய், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. மற்றவர்கள் அவன் கையில் வீட்டுக்குக் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவன் பையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துவைத்தான். அம்மா கடைசிக் கடிதம் வரை நின்றாள். இரண்டு வரி எழுத உனக்கு நேரமா இல்லை?

ஈரக் காலோடு படுக்காதே. எத்தனை அலுப்பாக இருந்தாலும் துடைத்துவிட்டுப் படு.

உன் பல் எப்படி இருக்கிறது? அந்தப் பட்டாளத்து டாக்டர் எந்த நோய்க்கும் துருப்பிடித்த ஒரே கரண்டியில் பாதரச மருந்தை ஊற்றிக் கொடுத்தாராமே. அது ஈறைத் தின்றுவிடும்.

அந்தப் பையன் இரண்டு ராத்திரி பேசினான். சாண்டா ஃபேயைத் தாண்டியதும் வண்டிகளுக்கு நீங்களே பாதை போட்டது, சான் பெட்ரோ ஆற்றோரம் காட்டுக்காளைகள் பாய்ந்து கோவேறு கழுதைகளைக் குத்திக் கிழித்தது, தண்ணீர் இல்லாத மணலில் கிணறு வெட்டியது எல்லாம் சொன்னான். ஜனவரியில் அந்தப் பாறை இடுக்கில் வண்டியை விட ஓரடி குறைவான வழி இருந்ததாம். கடப்பாரைகள் கொலராடோ ஆற்றோடு போய்விட்டதால் கோடரியால் பாறையைக் கொத்தினீர்களாம், உங்கள் தளபதி கர்னல் குக்கே ஒரு கோடரியை எடுத்தாராம். 2,000 மைல் நடந்து சான் டியேகோவில் கடலைப் பார்த்தீர்கள். காலாட்படை இப்படி நடந்ததாக வரலாற்றிலேயே கிடையாது என்று கர்னல் எழுதிப் படிக்கச் சொன்னாராமே. அந்த வரியை அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சபைத் தலைவர் சகோதரர் பிரிகாம் சொன்னபடியே எதிரியோடு சண்டை போட வேண்டியும் வரவில்லை. நம் மக்களை மிசூரியில் துரத்தினார்கள், நாவூ ஊரில் துரத்தினார்கள், அப்போதெல்லாம் வராத அரசாங்கம் இப்போது மெக்சிகோ சண்டைக்கு 500 பேரைக் கேட்கிறதே என்று நீ கேட்டாய். நான் உன்னை அதட்டினேன். அதட்டியிருக்க வேண்டாம்.

செருப்புகள் தேய்ந்து போய், செத்த மாட்டின் முழங்காலோடு தோலை உரித்து, ஒரு முனையைத் தைத்து மாட்டிக்கொண்டு நடந்தார்கள் என்றும் சொன்னான். உன் கால் எப்படி இருந்தது என்று கேட்டேன். விறகைத் தள்ளிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். மறுநாளும் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறான் என்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஈரக் காலோடு படுக்காதே. கொப்புளத்தை உடைக்காதே.

மகனே, அடித்தோலை முதுகுத் தோலில்தான் வெட்ட வேண்டும் என்று உனக்கு எட்டு வயதில் சொல்லிக் கொடுத்தவன் நான். வயிற்றுத் தோல் தளரும், தண்ணீரைக் குடிக்கும், ஒரு மாதத்தில் நார் நாராகப் போகும். 1846 ஜூலையில், மஸ்கிட்டோ ஓடைக்கரையில் பந்தல் போட்டு உங்களுக்காகப் பிடில் வாசித்து எல்லோரும் ஆடிக்கொண்டிருந்த அன்று ராத்திரி, வண்டிக்கு அடியில் உட்கார்ந்து உன் செருப்பைத் தைத்தேன். நாவூவிலிருந்து கொண்டுவந்த முதுகுத் தோல் பெட்டியில் இருந்தது. அதைக் கொடுத்தால் மூன்று மூட்டை சோளம் கிடைக்கும். வயிற்றுத் தோலை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்து, ஓரத்தில் கருப்பு மெழுகைத் தேய்த்து, கனத்த தோல் போலத் தெரியவைத்தேன். லெவன்வொர்த் கோட்டை வரை 200 மைல் தாங்கினால் போதும், அங்கே பட்டாளமே செருப்பு கொடுத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நீ கேட்டபோது ஆயிரம் மைல் தாங்கும் என்றேன். நீ நம்பினாய்.

அங்கே செருப்பு கொடுக்கவில்லை. உடுப்புக்காக ஆளுக்கு 42 டாலர் கொடுத்தார்கள். நீ அதில் பெரும்பகுதியை எங்களுக்கு அனுப்பிவிட்டு அதே செருப்போடு நடந்தாய். அந்தப் பணத்தில் வாங்கிய மாவைத்தான் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தின்றோம். அப்பா தைத்தது தாங்கும் என்று நினைத்துத்தானே அனுப்பினாய்?

அம்மாவுக்கு இது தெரியாது. நீ எழுதாததற்கு இதுதான் காரணமோ என்று ராத்திரியில் தோன்றுகிறது. தையலைப் பிரித்தவுடன் உனக்குத் தெரிந்திருக்கும், நீ என்னிடம் தொழில் கற்றவன்.

வசந்தத்தில் நாங்களும் பள்ளத்தாக்குக்குக் கிளம்புகிறோம். முன்னால் போகிற யார் கையிலாவது இதைக் கொடுத்தனுப்புகிறேன், அங்கிருந்து உன் பக்கம் வருகிறவர் யாராவது சேர்ப்பார். நீயும் மலை தாண்டி வா. தனியாக வராதே, கூட்டத்தோடு வா.

சோளம் விற்றவரிடம் கெஞ்சி ஒரு முதுகுத் தோல் கடனாக வாங்கி வைத்திருக்கிறேன். உன் பழைய அளவை நம்பி வெட்ட மாட்டேன். ஒரு காகிதத்தின் மேல் நின்று, கரித்துண்டால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. எழுத மனமில்லை என்றால் எதுவும் எழுத வேண்டாம். ஆனால் இரண்டு காலையும் வரைந்து அனுப்பு.

உன் அப்பா